ராணியின் கன்னத்தில் ஒரு கட்டைவிரல்

பஞ்சு சுற்றிய குச்சியின் நுனியில் ஒரு சொட்டு மருந்து திரண்டு நின்றது.

அதற்கு நேர் கீழே, வெள்ளைத் துணி விரித்த மேசையில், என்னுடைய பெரிய மெடல் கிடந்தது. விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்து அறுபது வருசம் நிறைந்ததற்காக அந்தக் காலத்தில் அடித்த வெண்கல மெடல். உள்ளங்கைக் குழியை அடைத்துக்கொள்ளும் அளவு. ராணியின் கன்னத்தில் கரும்பச்சையாக ஒரு கறை. அதை எடுப்பதற்குத்தான் அந்த மருந்து.

அது கறை இல்லை. என் வீட்டுக்காரரின் கட்டைவிரல் ரேகை. அவர் போய்ச் சில வருசங்கள் ஆகிவிட்டன. சட்டை வேட்டியெல்லாம் கொடுத்தாகிவிட்டது. அவர் உடம்பின் அடையாளம் என்று என்னிடம் மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

இந்தச் சங்கதி அங்கே என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. நான் வாயைத் திறந்து சொன்னால் உண்டு. நானோ, பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால்கூட, வேறு யாராவது நிறுத்தச் சொல்லட்டும் என்று காத்திருந்து, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிறவள்.

புதுச்சேரியில் ஒரு கல்யாண மண்டபம் அது. பழைய காசு, மெடல், தபால்தலை சேர்க்கிறவர்கள் கூடிக் கண்காட்சி வைத்திருந்தார்கள். என் மகள் செல்வி ஆரோவில்லில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை பார்க்கிறாள். அவள்தான் என் மெடல்களைப் போனில் படம் எடுத்து யார் யாருக்கோ அனுப்பினாள். அந்தப் படம் தணிகாசலம் சாரிடம் போய்ச் சேர்ந்தது. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வாலிபத்திலிருந்து மெடல் சேர்க்கிறார். நல்ல மனிதர். ஒரு கண்ணாடிப் பெட்டியை எனக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார்.

மெல்லிய கையுறை போட்டுக்கொண்டு, லென்ஸ் வைத்து, என் மெடலை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யம்மா, இந்தப் பெரிய சைஸ் நம்ம பக்கத்துல கெடைக்கறதே அபூர்வம். நானே இத மூணாவது தடவதான் கையில புடிக்கறேன்."

அப்புறம் லென்ஸ் ராணியின் கன்னத்தில் நின்றது.

"அடடா. யாரோ ஈரக் கையோட தொட்டிருக்காங்க. களிம்பு ஏறிப்போச்சி. மருந்து இருக்குது, அஞ்சு நிமிசத்துல எடுத்துடலாம். எடுத்துடட்டுங்களா?"

செல்வி என்னைப் பார்த்தாள். "அம்மா, சார் கேக்கறாரு பாரு."

நான் தலையை ஆட்டினேன்.

என் தலையாட்டலுக்கு அர்த்தம் கிடையாது. டாக்டர் கேட்டாலும் ஆட்டுவேன், வழி கேட்டாலும் ஆட்டுவேன். வீட்டுக்காரர் இருந்தவரை பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லிவிடுவார். "அவ தலய ஆட்டறாளேன்னு நம்பிடாதீங்க. அது பயத்துல ஆடறது." இப்போது அப்படிச் சொல்ல ஆள் இல்லை. சார் பாட்டில் மூடியைத் திறந்துவிட்டார்.

மாதா இல்லம்மா

உப்பளத்தில் கூடை சுமந்த கதையை இந்தத் தொடரில் போன வாரங்களில் எழுதியிருந்தேன். மழை மாதங்களில் உப்பு ஏது, அப்போது என்ன செய்தீர்கள் என்று ஒரு தங்கச்சி கடிதத்தில் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஐப்பசி மழை விழுந்தால் உப்புப் பாத்திகள் எல்லாம் ஒரே குளமாகிவிடும். தை பிறக்கும்வரை வேறு வேலை தேட வேண்டும்.

நானும் ஆரோக்கியமும் கரீம் பாயின் பழைய இரும்புக் கடைக்குப் போவோம். ஆரோக்கியம் என்னோடு கூடை தூக்கியவள். நான் எவ்வளவு பேசமாட்டேனோ அவ்வளவையும் அவள் சேர்த்துப் பேசிவிடுவாள். மூட்டையில் வருகிற சாமான்களில் பித்தளை வேறு, செம்பு வேறு, ஈயம் வேறு என்று பிரித்துப் போடுவது எங்கள் வேலை. பார்த்துத் தெரியாததைக் கல்லில் தட்டினால் சத்தம் சொல்லிவிடும்.

ஒரு நாள் ஈயக் குவியலில், மேலே வளையம் வைத்த சின்ன வட்டத் தகடு ஒன்று எனக்கு அகப்பட்டது. ஒரு பெண் முகம். தலையில் முக்காடு, முக்காட்டின் மேல் குட்டியாக ஒரு கிரீடம். ஆரோக்கியம் அதைப் பிடுங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முத்தமும் கொடுத்துவிட்டாள்.

"மாதாடி! வேளாங்கண்ணி மாதா! குப்பைலயிருந்து நம்மள தேடி வந்துட்டா பாரு."

பாய் தராசுப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். "யா அல்லா! மாதா இல்லம்மா அது. மூக்கப் பாரு, தாடையப் பாரு. வெள்ளக்கார ராணி, விக்டோரியா. அந்தக் காலத்துல இஸ்கூல் புள்ளைங்களுக்குக் குடுத்த மெடலு."

ஆரோக்கியம் முந்தானையால் வாயைத் துடைத்தாள். "ராணிக்கா முத்தம் குடுத்தேன்? முன்னாடியே ஒரு வார்த்த சொல்லக் கூடாதா பாய்?"

"குடுத்தது குடுத்ததுதான். அவங்க ஒண்ணும் கோச்சிக்க மாட்டாங்க."

"இந்தா, நீயே வச்சிக்க" என்று என் மடியில் எறிந்தாள். என் முதல் மெடல் அப்படித்தான் வந்தது.

சுருக்கத்தைப் பார்த்து அடுக்கியது

பிறகு ஒவ்வொரு மழைக்காலத்திலும் என் கண் அந்த முகத்தையே தேடியது. சில வருசம் ஒன்று கிடைக்கும். சில வருசம் ஒன்றும் இருக்காது. ராணி பட்டத்துக்கு வந்ததற்கு, அவள் பிள்ளை ஊர் சுற்றிப் பார்க்க வந்ததற்கு, ஐம்பதாம் வருசத்துக்கு, அறுபதாம் வருசத்துக்கு என்று எத்தனையோ அடித்திருக்கிறார்கள். ஆகமொத்தம் என்னிடம் இருப்பது ஒன்பது.

நான் ஐந்தாவது வரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாக அடையாளம் சொல்வேன், பொருள் தெரியாது. பலதில் வருசம் தேய்ந்து போயிருக்கும். அதனால் முகத்தைப் பார்த்து வயசு வாரியாக அடுக்கினேன். முதலில் கொண்டை போட்ட சின்னப் பெண். அடுத்து கழுத்து கொஞ்சம் தடித்தவள். அப்புறம் தாடைக்குக் கீழே ஒரு மடிப்பு. அப்புறம் கண்ணுக்குக் கீழே பை. தணிகாசலம் சார் பின்னாளில் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தபோது ஒரே ஒரு இடத்தில்தான் மாற்றி வைத்திருந்தேன்.

அடுக்கும்போது ஒன்று கவனித்தேன். ஒரு வயசுக்கு மேல் அவள் முக்காடு இல்லாமல் இல்லை. கிரீடம் சின்னதாகிக்கொண்டே போகிறது, முக்காடு அப்படியே இருக்கிறது. யாரும் சொல்லாமலே எனக்கு விளங்கிவிட்டது. புருசனைப் பறிகொடுத்தவள்.

பாயிடம் கேட்டேன். அவர் எங்கோ விசாரித்துக்கொண்டு வந்து, ஆமாம், பாதி வயசிலேயே போய்விட்டார், அப்புறம் நாற்பது வருசம் அந்த அம்மா கறுப்புத்தான் உடுத்தினார்களாம் என்றார். அன்றையிலிருந்து அவள் எனக்கு ராணியாகத் தெரியவில்லை. தண்ணீர்க் குழாயடியில் தினமும் பார்க்கிற, ஆனால் பேச்சுக் கொடுக்காத யாரோ ஒருத்தி மாதிரி ஆகிவிட்டாள். என் சுபாவத்துக்கு அப்படிப்பட்ட ஆள்தான் ஒத்துவரும்.

சொம்புக்குக் கிழவி

பெரிய மெடல், இடித்துப் போட்ட ஒரு பழைய வீட்டின் சாமானோடு வந்தது. ஒரு பக்கம் கூந்தலைப் பின்னால் கட்டிய சின்னப் பெண். திருப்பினால் முக்காடு போட்ட கிழவி. பட்டத்துக்கு வந்த வயசும் அறுபது வருசம் கழித்த வயசும் ஒரே தகட்டில், முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு. மற்றதையெல்லாம் அடுக்கி நான் கண்டுபிடித்ததை யாரோ ஒரு கைகாரன் அந்தக் காலத்திலேயே ஒரே தகட்டில் செய்து வைத்திருந்தான்.

பாய் கடையில் ஒரு வழக்கம் உண்டு. எங்களுக்கு ஒரு சாமான் பிடித்துவிட்டால், அதே எடைக்கு வீட்டிலிருந்து வேறு உலோகம் கொண்டுவந்து போட்டு எடுத்துக்கொள்ளலாம். நான் அடி ஒடுங்கிய பித்தளைச் சொம்பைக் கொண்டுபோனேன். தராசில் சொம்பு இறங்கியது.

"உன் சொம்பு கனம் ஜாஸ்திம்மா. நஷ்டம் உனக்குத்தான்" என்றார் பாய்.

நான் தலையை ஆட்டினேன். அந்த ஒரு தடவை அதற்கு அர்த்தம் இருந்தது.

வீட்டுக்காரர் சொம்பைத் தேடினார். சொன்னேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "தண்ணி குடிக்கற சொம்பக் குடுத்துட்டு கெழவியக் கூட்டிக்கினு வந்துட்டியா? இனிமே தாகம் எடுத்தா அவளயா மொண்டு குடிக்கறது?"

வறுத்த அரிசி

எங்கள் மரக்காணத்துக் காற்றில் எதுவும் நிலைக்காது. சைக்கிள் ஒரு வருசத்தில் துருவேறும். கதவுக் கீல் கையோடு வரும். கொடியில் காயும் துணியை நக்கினால் உப்புக் கரிக்கும். அப்படிப்பட்ட இடத்தில் மெடல் வைத்திருப்பது கைக்குழந்தை வைத்திருப்பது மாதிரி.

மூடி இறுகிய பால்மாவு டப்பா ஒன்றில், வெறும் சட்டியில் வறுத்து ஆறவைத்த அரிசியைப் போடுவேன். பழைய வேட்டித் துணியில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவி ஒவ்வொரு மெடலாகச் சுற்றி அரிசிக்குள் புதைப்பேன். ஈரத்தை அரிசி வாங்கிக்கொள்ளும். அமாவாசைக்கு அமாவாசை புதிதாக வறுத்து மாற்றுவேன்.

வீட்டுக்காரருக்கு அதைப் பார்த்தால் பொறுக்காது. "உப்புக்கு வரி போட்டவங்க வூட்டு ராணி. அவள அரிசிக்குள்ள வச்சிப் பாதுகாக்கற. எனக்கு ஒரு நாளாச்சும் இப்படிப் பதமா அரிசி வறுத்துக் குடுத்திருக்கியா?"

கேலி பேசுவாரே தவிரக் கிட்டே வரமாட்டார். டப்பாவைத் திறந்தால் வாசல் பக்கம் போய்விடுவார். கெழவியைப் பற்றி அவருக்கு ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

நாலு நாள்

மாசி அமாவாசை. டப்பாவைக் கொட்டித் துணியைப் பிரித்தேன். பெரிய மெடலில் கிழவியின் கன்னத்தில் பச்சையாக ஒரு கட்டைவிரல். கோடு கோடாக, குறுக்கே ஒரு வெட்டோடு.

உப்பு வாரும் பலகை வெட்டிய தழும்பு அது. யாருடைய விரல் என்று கேட்கவே வேண்டாம். தை மாதம், பாத்தியில் இறங்கிய புதிதில், மத்தியானக் கஞ்சிக்கு வந்தவர் உப்புத்தண்ணீர் காயாத கையோடு எடுத்துப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு அதே மாதிரி சுற்றியும் வைத்துவிட்டார். எண்ணெய்த் துணிக்குள்ளே, அரிசிக்குள்ளே, உப்பு தன் வேலையைச் செய்துவிட்டது.

வெளியில் வாய் திறக்காதவள்தான் நான். வீட்டுக்குள் அப்படி இல்லை. அன்றைக்கு முதன்முதலாக அவரை 'யோவ்' என்றேன்.

"யோவ், இத யார் தொட்டது?"

"எத?"

"தெரியாத மாதிரி கேக்காத. வெரல நீட்டு. இது யாரு வெரலு?"

அவர் விரலைப் பார்த்தார், மெடலைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி நின்றார்.

"கைய கழுவ மறந்துட்டேன்."

"அத எதுக்கு எடுத்த? உனக்குத்தான் புடிக்காதே."

சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அந்தக் கெழவி முக்காடு போட்டுக்கினு இருக்கறால்ல. உச்சி வெயில்ல துணியப் போத்திக்கினு நீ கூடையோட வரப்புல வர்ற மாதிரியே இருக்குது. அதான் அப்பப்ப எடுத்துப் பாப்பேன்."

அதைக் கேட்டு நான் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. நாலு நாள் அவரோடு பேசவில்லை. எலுமிச்சம்பழத்தை அறுத்துக் கறையின் ஓரத்தில் தேய்த்தேன். இரண்டு தேய்ப்பில் முக்காட்டு மடிப்பு ஒன்று பளீரென்று மஞ்சளாகிவிட்டது. விரலின் ஓரக் கோடு ஒன்று போய்விட்டது. அப்போதுதான் பாய் எப்போதும் சொல்வது ஞாபகம் வந்து நிறுத்தினேன். "தேச்சா அழுக்கு போவாதும்மா, மூஞ்சிதான் போவும்."

போன அந்த ஒரு கோடு போனதுதான்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அவர் வாசலில் நின்று, உள்ளே வராமல், இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "மூணு தடவ கழுவிட்டேன். மோந்து வேணா பாரு." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து கடைசிவரை, வேலை முடிந்து வந்தால் கையை விரித்துக் காட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைவார்.

மெஷினில் விழாத ரேகை

உப்பில் நிற்கிறவர்களின் விரலைப் பார்த்திருக்கிறீர்களா? மழை மாதங்களில் தோல் வளர்ந்து ரேகை திரும்பி வரும். தையில் பாத்தியில் இறங்கினால், பங்குனி முடிவதற்குள் உப்பு அதைத் தின்றுவிடும். வழவழவென்று கூழாங்கல் மாதிரி ஆகிவிடும்.

ரேஷன் கடையில் விரல் வைக்கிற மெஷின் வந்ததும் அவர் பாடு திண்டாட்டம். கட்டைவிரல், ஆட்காட்டி விரல், இடது கை, வலது கை, எதை வைத்தாலும் சிவப்பு விளக்குத்தான். எண்ணெய் தடவிப் பார்த்தார், ஈரத்துணியில் துடைத்துப் பார்த்தார். வரிசையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். கடைசியில் என்னைத்தான் அனுப்புவார். நான் கூடையைத் தலையில் சுமந்தவள், என் விரல் கொஞ்சம் தப்பித்திருந்தது.

ஒரு நாள் வெறும் பையோடு வந்து உட்கார்ந்தார். வருத்தப்படுவார் என்று பார்த்தால் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார்.

"ஏண்டி, நான் இன்னாருன்னு அந்த மெஷினுக்குத் தெரியலயாம். உன் ராணியக் கூட்டிக்கினு போயி சாட்சி சொல்லச் சொல்லணும். அவ மூஞ்சிலதான் என் ரேக ஒழுங்கா வுழுந்துருக்குது."

கையெழுத்துப் போடக் கற்றுத்தருகிறேன் என்று நானும் பல தடவை உட்காரவைத்தேன். 'மு' வரை வருவார். அதற்குமேல் பேனா நழுவும். விரல் மடங்காது. "போதும் வுடு, மொத எழுத்து தெரிஞ்சா மீதிய அவங்களே படிச்சிப்பாங்க" என்று எழுந்துவிடுவார்.

அடுத்த மழைக்காலத்தில், ரேகை திரும்பி வளர்ந்துகொண்டிருந்த நாட்களில், நெஞ்சு வலி என்று படுத்தவர் எழவில்லை. அதைப் பற்றி இங்கே எழுத எனக்குத் தெம்பில்லை.

அந்தச் சொட்டு

மண்டபத்தில் சார் குனிந்தார். பஞ்சு நுனியில் சொட்டு கனத்துத் தொங்கியது. செல்வி போனைத் தூக்கிப் படம் எடுக்கத் தயாராக நின்றாள். அவளுக்கும் தெரியாது. அவள் விடுதியிலேயே தங்கியிருந்த நாட்களில் நடந்த சண்டை அது. நான் சொன்னதில்லை.

பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் போகிற மாதிரியே இருந்தது. இந்தத் தடவை இறங்கித் திரும்பி நடக்க முடியாது.

"வேணாங்க."

சத்தம் எவ்வளவு வந்ததோ தெரியவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். சார் வெடுக்கென்று கையை இழுத்தார். சொட்டு விழுந்தது. மெடலுக்கு ஒரு விரல் அகலம் தள்ளி, வெள்ளைத் துணியில்.

"என்னம்மா, இப்பதான சரின்னு தலய ஆட்டுனீங்க?"

"அது கற இல்லீங்க. எங்க வீட்டுக்காரர் வெரல்."

செல்வியின் கையில் போன் அப்படியே இறங்கியது. சார் லென்ஸை எடுத்து மறுபடியும் பார்த்தார். இந்தத் தடவை ரொம்ப நேரம்.

"ஆமா. ரேக ஓடுது. நடுவுல என்னமோ வெட்டு."

"உப்பு வார்ற பலகையில பட்டது."

"இந்த ஓரத்துல யாரோ தேச்சிருக்காங்களே?"

"அது நான்" என்றேன். அதைச் சொல்லத்தான் எனக்கு அதிகக் கஷ்டமாக இருந்தது.

அவர் குச்சியைக் கீழே வைத்தார். "நான் பயமுறுத்தறேன்னு நெனைக்காதீங்க. களிம்ப வுட்டா ஒரு நாள் பரவும். மூஞ்சிய மொத்தமா தின்னாலும் தின்னுடும். தெரிஞ்சிதான சொல்றீங்க?"

"ஈரம் படாம வச்சிருக்கறேங்க. வறுத்த அரிசிக்குள்ள. இத்தன வருசமா ஒரு கோடுகூட நகரல. இனிமேலும் பாத்துக்கறேன். தின்னா தின்னுட்டுப் போவட்டுங்க, அவரு வெரல்தான?"

"வறுத்த அரிசியா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அதான் மரக்காணத்துக் காத்துல இருந்தும் மத்ததெல்லாம் இப்படிக் கெடாம இருக்குதா!" பாட்டில் மூடியைத் திருகி மேசைக்கு அடியில் வைத்தார்.

பிறகு மெடலுக்குப் பக்கத்தில் வைக்கிற அட்டையை எடுத்தார். மேலே மெடலைப் பற்றி எழுதியிருந்தது. கீழே 'கன்னத்தில் கறை உள்ளது' என்று ஏற்கெனவே எழுதியிருந்ததை ஒரே கோட்டில் அடித்தார்.

"அவரு பேரு என்னம்மா?"

நான் அவர் பெயரை வாயால் சொன்னதே இல்லை. எங்கள் பக்கம் என் வயசுப் பெண்கள் சொல்லமாட்டார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டால்கூட ரேஷன் அட்டையை எடுத்துக் காட்டுவேன். பழக்கத்தில் செல்வி வாயைத் திறந்தாள்.

"நான் எழுதறேன்" என்று பேனாவை வாங்கிக்கொண்டேன்.

நிறுத்தி நிறுத்தி எழுதினேன். 'கன்னத்தில் இருப்பது கோ. முனுசாமி, உப்பளத் தொழிலாளி, மரக்காணம்.' 'மு' மட்டும் கொஞ்சம் பெரிசாக விழுந்துவிட்டது. அவர் போட்டாலும் அப்படித்தான் விழும்.

கண்ணாடிப் பெட்டியை மூடினார்கள். கூட்டம் வந்தது, பார்த்தது, அட்டையைப் படித்தது, மறுபடியும் குனிந்து பார்த்தது. நான் தூண் ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டேன்.

கூட்டம் குறைந்த நேரத்தில் செல்வி பெட்டியின் கிட்டே போனாள். தன் கட்டைவிரலைக் கண்ணாடியின் மேல், அவர் விரலுக்கு நேராக, வைத்து அழுத்தினாள். அளவு பார்த்தாளோ என்னவோ. அப்பாவோடு ரேஷன் கடை வரிசையில் நின்று, அவர் விரலை மெஷினில் பிடித்துப் பிடித்து வைத்தவள் அவள்.

அவள் கையை எடுத்ததும் கண்ணாடியில் தடம் தெரிந்தது. மண்டபத்து வேலையாள் ஒருவர் துணி எடுத்துக்கொண்டு துடைக்க வந்தார்.

"இருக்கட்டுங்க" என்றேன்.

இந்தத் தடவை சத்தம் நன்றாகவே வந்தது.